வாய்தா

மஞ்சக்குப்பம் கோர்ட்டில் நான் டவாலி.
முதல் மாடி வராண்டாவில் நின்று
பெயர்களை மும்முறை கூப்பிடுவது வேலை.
முப்பது படி.
பதினேழாவது படிக்கு நேரே சுவரில்
உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அழுக்கு.
என்னுடையதுதான்.

மூச்சு வாங்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.
எல்லோரும் மூச்சென்றுதான் நினைக்கிறார்கள்.
வக்கீல் குமாஸ்தா தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார்.
நெஞ்சு நன்றாக இருக்கிறது.
தொடைதான்,
ஈரக் கோணியை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி.

தம்பி கலியபெருமாள்
முதுநகர் ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்தவன்
மீதிச் சில்லறையை வாங்குமுன் விழுந்தான்.
நாற்பத்தொரு வயது.
காரியம் முடிந்த கையோடு நானும் ரத்தம் கொடுத்தேன்.
கொழுப்பு இருநூற்று எண்பது.
அன்றிலிருந்து பதினோரு வருடம்
ராத்திரி சாப்பிட்ட பின்
அவன் வாங்காத சில்லறைபோல
என் உள்ளங்கையில் ஒரு வெள்ளை வட்டம்.

அதுதான் காப்பாற்றியதா?
விழாதவனுக்கு
விழவில்லை என்பதைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

விடியற்காலை மூன்று மணிக்கு
கெண்டைக்காலில் நிஜமாகவே ஒரு கெண்டை துள்ளும்.
தையல்நாயகி எழுந்து, விளக்குப் போடாமல்,
என் கட்டைவிரலை மேல்நோக்கி மடக்குவாள்.
பிடித்தபடியே தூங்கியும் போவாள்.
எந்தச் சண்டையிலும்
ஒருவர் காலை ஒருவர் பிடித்தவர்களில்லை நாங்கள்.

போன தை மாதம் ஒரு ஜீவனாம்ச வழக்கு.
இரண்டு முறை கூப்பிட்டேன்.
மூன்றாவதற்கு வாயைத் திறந்தால்
பெயர் இல்லை.
கீழே வேப்பமரத்தடியில் ஒரு பெண்
ஒரு கால் செருப்பை மாட்டியபடி
தன் பெயர் இன்னொரு முறை வருமென்று
அண்ணாந்து நின்றாள்.
காகிதத்தைப் பார்த்து வாசித்தேன்.
வெயில் என்றார் பெஞ்ச் கிளார்க்.
வெயிலே இல்லை அன்று.

லாரன்ஸ் ரோட்டு டாக்டர் நஸீமா
"மாத்திரையாலயும் இருக்கலாம்,
வயசாலயும் இருக்கலாம்,
சும்மாவும் இருக்கலாம்" என்றார்.
தசைக்கென்று தனியாக ஒரு டெஸ்ட்: கொஞ்சம் கூடுதல்.
சர்க்கரையும்
எல்லைக்கோட்டில் ஒரு கால் வைத்திருந்தது.
"ஆறு வாரம் நிறுத்திப் பார்ப்போம்.
நீங்களா நிறுத்தாம வந்து கேட்டீங்களே, அது நல்லது."
வாய்தா என்று விழுந்தது என் காதில்.

முதல் வாரம் ஒவ்வோர் ஏப்பத்திலும்
கலியபெருமாள் வந்து போனான்.
கேன்டீன் வடையைப் பார்க்காமல் நடந்தேன்.
இடது தோளில் கொசு கடித்ததற்கு
அரை மணி நேரம் படுத்துக் கிடந்தேன்.
மூன்றாம் வாரம்
கெடிலம் பாலத்தை நடந்தே தாண்டினேன்,
நடுவில் நின்று தண்ணீரைப் பார்க்கிறவன்போல நடிக்காமல்.
ஐந்தாம் வாரம் ஒரு நாள்
மேலே போன பிறகுதான் நினைவு வந்தது,
படிகளை எண்ணவில்லை.

ஆறாம் வாரம் கணக்கைத் தீர்த்தோம்.
இடது தொடையில் வலி இல்லை.
வலது தொடையில் இருந்தது, அப்படியே.
பாதி மாத்திரையுடையது.
மீதி யாருடையது?
அய்யாக்கண்ணு, அய்யாக்கண்ணு, அய்யாக்கண்ணு
என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.
ஆஜர்.

கொழுப்பும் ஆஜரானது,
இருநூற்று அறுபத்தாறு.
இப்போது வேறு மாத்திரை,
சின்னது, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.
தையல்நாயகி காலண்டரில் வட்டம் போடுகிறாள்,
ராகு காலத்துக்குப் பக்கத்தில்.
வட்டமில்லாத ராத்திரிகளில்
சாப்பிட்ட கை ஒரு கணம் காற்றில் நீண்டு
பின் தண்ணீரை மட்டும் எடுக்கிறது.

நேற்று மூன்று மணிக்கு விழித்தேன்.
கெண்டை இல்லை.
கட்டைவிரல் அவள் கைக்குள் இருந்தது.
எதற்கென்று கேட்கவில்லை.

காலையில் முப்பது படி.
ஜட்ஜ் மாறி வருகிறாரென்று
சுவர் முழுக்க வெள்ளையடித்திருந்தார்கள்.
பதினேழில் நின்றேன்,
வலது தொடைக்காக,
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.