எடைச்சீட்டின் பின்பக்கம்

பலகையில் பெஸ்தாரி ஜெயா.
பேச்சில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை.
கிளினிக்கில் என் எண் நாற்பத்தொன்று.

சட்டைப்பையில் பனையாலையின் எடைச்சீட்டு.
முன்பக்கம் குலையோடு லாரி, வெறும் லாரி, மிச்சம்.
பின்பக்கம் பரிமளாவின் கையெழுத்தில் கேள்விகள்.
தொண்ணூற்றெட்டு நாள் விடுப்பு முடிந்து
விடியுமுன்னே அவளை ஏற்றிக்கொண்டது
கையுறைத் தொழிற்சாலை பஸ்.
கேள்விகள் என்னிடம் இறங்கின,
பால்புட்டியும் லோஷினியும் கூட.

தராசில் கிடத்தினாள் மிஸி. ஐந்து கிலோ எண்ணூறு.
"பெம்பர்ஸைக் கழிக்கலையே" என்றேன்.
"லாரி ஓட்டுறீங்களா?" என்று சிரித்தாள்.
நோர்லேலா என்று மார்பில் பெயர்.
தமிழ்ப்பள்ளிக்குப் பின்வரிசையில் வளர்ந்தாளாம்,
வேலி தாண்டி வந்து ஒட்டிக்கொண்ட தமிழ்.

சளி இருக்கு, போடலாமா?
காதில் கருவியை வைத்துப் பார்த்தாள்.
"மூக்கு ஒழுகினா போடலாம்.
நல்ல காய்ச்சல்னா நானே திருப்பி அனுப்புவேன்."

இரண்டாவதைப் படிக்க வாய் எழவில்லை.
மூன்றாம் மாதத்து ஊசியை விட்டுவிட்டோம்.
அன்றைக்குக் குலை குவிந்த வாரம்,
ஒரு நாள் லீவு போட்டால் ஊக்கப்பணம் மொத்தமும் போகும்.
மறுபடி முதலிலிருந்தா?
"போட்டது போட்டதுதான்.
பாதி வழியில லாரி நின்னா
இறக்கிட்டு மறுபடியா ஏத்துவீங்க?
நின்ன இடத்திலிருந்து ஓட்டுங்க."
பிறகு சிரிக்காமல் சொன்னாள்:
"ஆனா நிக்கிற நாளெல்லாம்
அவளுக்குப் பாதிக் காவல்தான்."

மூன்று வாரம் முந்திப் பிறந்தவள்.
எந்த நாளிலிருந்து மாதத்தை எண்ணுவது?
"அவ அழுத நாளிலிருந்து."

இடது தோளில் பிறந்தபோது போட்டது புண்ணாகி ஆறுது,
பக்கத்து வீட்டு அஞ்சலை மஞ்சள் பூசச் சொல்றா.
"அஞ்சலைக்கு என் சலாம் சொல்லுங்க.
ஒண்ணும் பூச வேணாம்."

ஒரே குப்பியில் ஆறு நோய்க்கு மருந்தா?
அதோடு அடுத்த தொடையில் இன்னொன்றா?
பதில் சொல்லாமல் பெஞ்சைக் காட்டினாள்.
லொம்போக்கிலிருந்து வந்தவளின் பையன்
அம்மாவின் சிலிப்பரைக் கடித்துக்கொண்டிருந்தான்.
"அதுல எத்தனை கிருமி இருக்கும்?
தினமும் சமாளிக்கிற உடம்புதான் அது.
நாங்க கொடுக்கிறது கொஞ்சம்."

கடைசிக் கேள்வியைப் பரிமளா எழுதி அடித்திருந்தாள்.
வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்தது.
நான் படிக்கவில்லை.

"யாரு பிடிக்கிறது?" என்றாள் மிஸி.
என்னைத் தவிர யாரும் இல்லை.
இருபத்தைந்து கிலோ குலையைக் கம்பியால் குத்தி
தலைக்கு மேலே வீசுகிற கை இது.
ஐந்து கிலோ எண்ணூறை எப்படிப் பிடிப்பதென்று
அதற்குத் தெரியவில்லை.
"நெஞ்சோட சாய்ச்சுக்கோங்க. காலை மட்டும் இறுக்கிப் பிடிங்க.
அவ கண்ணைப் பாருங்க, ஊசியைப் பாக்காதீங்க."

அவள் பெட்டியிலிருந்து கையுறை உருவினாள்.
பெட்டியின் ஓரத்தில் பரிமளாவின் தொழிற்சாலை முத்திரை.
காற்றடைத்து ஓட்டை பார்க்கிற பிரிவில் அவளுக்கு வேலை.
இந்த ஜோடி அவள் கை பட்டதாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்,
ஒரு ஷிப்டில் எத்தனை ஆயிரமோ.
ஆனாலும் லோஷினியின் தொடையைத் துடைத்த விரல்களை
நான் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தேன்.

ஒன்று. இரண்டு.
சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள் மட்டும்
அப்போது எனக்குத் தெரிந்தது.

அரை மணி உட்காரச் சொன்னாள்.
ராத்திரி காய்ச்சல் வந்தால் எவ்வளவு மருந்து என்று
புத்தகத்தில் கோடு போட்டுக் கொடுத்தாள்.
வலிப்பு வந்தாலோ, அழுகை மணிக்கணக்கில் நிற்காவிட்டாலோ
விடியக் காத்திருக்காமல் கொண்டுவரச் சொன்னாள்.

அடுத்தது ஒரு புதன்கிழமை.
வீட்டுக் குதிரைக் காலண்டரில் அந்தக் கட்டத்தில்
பந்தயக் குதிரை ஓடிக்கொண்டிருந்தது.
அதன் முதுகின் மேலேயே 'ஊசி' என்று எழுதினேன்.

எடைச்சீட்டை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தேன்,
பின்பக்கம் வெளியே தெரிய.
'நான் இல்லாம ரொம்ப அழுவாளா'
என்று அடித்திருந்த வரிக்குக் கீழே,
நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவள் படிக்கட்டும்:
முக்கால் நிமிஷம்.