கிள்ளும் கை

நேற்றிரவு முழுக்கப் பட்டினி போட்டிருந்தேன்
தசைச் செல்களை, ஆறு தட்டுகளில்.
காலை ஒன்பது பதினேழுக்கு இன்சுலின்.
பத்து நிமிடம்.
பிறகு பனிக்கட்டி மேல் தட்டு,
நடந்தது நடந்தபடியே நிற்பதற்கு.

சன்னலுக்கு வெளியே டண்டீ இல்லை.
கடலிலிருந்து ஏறிய மூடுபனி டே ஆற்றை விழுங்கியிருந்தது.
பாலம் இருக்கவேண்டிய இடத்தில்
ரயிலின் சத்தம் மட்டும் கடந்து போனது.
எனக்கும் இதே வேலைதான்.
கண்ணுக்குத் தெரியாதது ஒன்று போனதா இல்லையா,
ஒரு கறுப்புக் கோட்டை வைத்துச் சொல்லவேண்டும்.

கைனேஸ் செய்வது பெரிய காரியமில்லை.
ஏடிபியின் வாலில் கடைசியாகத் தொங்கும்
பொஸ்பேற்றைப் பிடுங்கி
பக்கத்துப் புரதத்தில் ஒட்டும்.
ஒரு கிள்ளு, அவ்வளவுதான்.
கிள்ளுப்பட்டது திடுக்கிட்டு உடம்பை வளைக்கும்,
அது இன்னொன்றைக் கிள்ளும், அது வேறொன்றை,
கடைசியில் எங்கோ சர்க்கரைக்குக் கதவு திறக்கும்,
அல்லது ஒரு செல் இரண்டாகும்,
அல்லது போதும், செத்துப்போகலாம் என்று முடிவெடுக்கும்.

பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது
பொல்லாத குணம் என்பார்கள்.
செல்லுக்குள் அது இரண்டு பேரின் உத்தியோகம்.
ஆட்டுபவள் பெயர் பொஸ்பற்றேஸ்.
அவள் கையைக் கட்டத்தான் கரைசலில் மருந்து கலக்கிறேன்,
இல்லாவிட்டால் நான் கோடு பார்ப்பதற்குள்
எல்லோரையும் தூங்கவைத்துவிடுவாள்.

பயமெல்லாம் நிறுத்தத் தெரியாத கைக்குத்தான்.

ஒன்பதாம் குரோமோசோமின் நுனி
இருபத்திரண்டில் போய் ஒட்டிக்கொண்டது,
ஏதோ ஒரு நாள், எந்த நாளென்று எவருக்கும் தெரியாது,
பரநிருபனின் எலும்பு மச்சைக்குள்.
அன்று அவன் வழக்கம்போல் பஸ் ஓட்டியிருப்பான்.
குளிருக்குத் திட்டியிருப்பான்.

இரவு எட்டு மணி. சோற்றுக்குப் பிறகு மஞ்சள் மாத்திரை.
"இது உள்ளுக்குப் போய் என்னதான் செய்யும்?"
மூன்று வருடமாக இதே கேள்வி.
"ஒண்டும் செய்யாது. ஏடிபி வந்து இருக்கிற சீற்றில
முந்திப்போய்க் குந்தியிருக்கும்."
"டிக்கெற் எடுத்தோ?"
சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிக்கிறான்.

அந்தச் சீற்றுக்குப் பக்கத்தில்
ஒரு திரியோனின் காவல் நிற்கிறது,
முந்நூற்றுப் பதினைந்தாம் இடத்தில்.
மரபணுவில் ஒரேயொரு எழுத்துப் பிசகினால்
வேறொருவன் காவலுக்கு வருவான்,
மாத்திரையை உள்ளே விடமாட்டான்.
இதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.
கேட்டால் சொல்லலாம் என்றிருக்கிறேன்.
எப்படிக் கேட்பான்?

படலத்தில் ஐந்து கோடுகள் விழுந்திருந்தன.
மூன்றாவது கொஞ்சம் சாய்வாக, என் கை நடுக்கம்.
ஆறாவது இடம் வெறுமை.
அந்தத் தட்டுக்கு மட்டும் இன்சுலின் கொடுக்கவில்லை,
கொடுக்காமல் ஒன்றை வைத்திருந்தால்தான்
மற்றவற்றை நம்பலாம்.

வியாழக்கிழமை நிருபனுக்கு இரத்தப் பரிசோதனை.
ஆறாவது இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அந்தச் சுத்தமான, ஒன்றுமில்லாத வெள்ளையை.
பிறகு திகதி எழுதி
ஏட்டில் ஒட்டினேன்.