ஒருநாள் விட்டு ஒருநாள்

களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால்
மீன்வண்டி திரும்பும் சந்தில் எங்கள் ஸ்கேன் சென்டர்.
கதவில் மூன்றிதழ் மஞ்சள் சின்னம்.
அதை மின்விசிறி என்று எண்ணி
உள்ளே காத்து வருமா என்று கேட்டவர்கள் உண்டு.

என் நெஞ்சில் ஒரு பேட்ஜ்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி
உறையிலிட்டு அனுப்புவேன்.
நான் வாங்கிய கதிரை யாரோ எண்ணி
‘வரம்புக்குள்’ என்று எழுதி அனுப்புவார்கள்.
ஆறு வருடமாய் வரம்புக்குள் இருக்கிறேன்.

மேசையில் படுப்பவர்களுக்கு பேட்ஜ் கிடையாது.

ஆறுகாணியிலிருந்து ஏழரை பஸ்ஸில் வருவாள் கிறிஸ்டிபாய்,
பால்வெட்டு முடித்து, கையில் ரப்பர்பால் வாடையோடு.
மகள் அனிஷ்மாவுக்கு ஏழு வயது. தலைக்குள் நீர்.
காதுக்குப் பின்னே தோலடியில் ஒரு குழாய்
கழுத்து வழியே வயிற்றுக்கு இறங்குகிறது.
வாந்தி வந்தால் குழாய் அடைத்ததோ என்று பார்க்கணும்.
பார்க்கணும் என்றால் நான்தான்.

திருவனந்தபுரத்தில் எடுத்த சிடி
எங்கள் கம்ப்யூட்டரில் திறக்காது.
எங்கள் பிலிம் அங்கே செல்லாது.
இஞ்சிவிளை செக்போஸ்டில்
கோழிவண்டியைக்கூட ஒரு தடவைதான் நிறுத்துவார்கள்.
இந்தத் தலைக்கு எல்லையின் இரண்டு பக்கமும் சோதனை.

ஷீட் கணக்கெழுதும் நோட்டில்
பின்பக்கத்திலிருந்து தொடங்கி
தேதி போட்டு வைத்திருந்தாள்.
பதினொன்று.
ஒன்றின் பக்கத்தில் மட்டும்:
‘வேண்டாம்ணு சொன்னாவ, பிறவு எடுத்தாவ.’

“அக்கா, மரத்துக்கே ஒருநாள் விட்டு ஒருநாளு.
மழைக்கு அதையும் விட்டிருவோம்.
பட்டையத் தாண்டி கத்தி எறங்கினா மரம் மறக்காது.
பிள்ளைக்கு எத்தன நாளு விடணும்?”

தேர்வில் இதற்கு ஐந்து மார்க் விடை எழுதியிருக்கிறேன்.
மில்லிசீவெர்ட், வயது, ஆயிரத்தில் இத்தனை பேர்.
அந்த ஆயிரத்தில் ஒருத்தி
என் ஈய அங்கியின் நாடாவைப் பிடித்து இழுத்து
“என்ன கனம்!” என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

சின்ன ஆபத்துதான், ஆனால் சேரும் என்றேன்.
சின்ன என்பதை அவள் கேட்கவில்லை.
சேரும் என்பது
பஸ் ஏறி அவளோடு ஆறுகாணிக்குப் போயிருக்கிறது.

அடுத்த தடவை வாந்தி வந்தபோது
இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறாள்,
சுக்குவெள்ளம் கொடுத்து, ஜெபம் பண்ணி.
மூன்றாம் நாள் ஜீப்பில் கொண்டுவந்தபோது
பிள்ளையின் கண்கள் கீழே சாய்ந்து கிடந்தன.

பன்னிரண்டாவது.
பட்டனை அழுத்தும்போது என் விரல் நடுங்கவில்லை.
அதையும் சொல்லியாக வேண்டும்.
குழாய் அடைத்துக் கிடந்தது.
அது தெரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆம்புலன்ஸ் பாறசாலையைத் தாண்டுவதற்குள்
திரையைப் போனில் படம் பிடித்துப் பிடித்து அனுப்பினேன்.
மறுமுனையில் ஒரு டாக்டரின் குரல்:
“மதி, மதி, கிட்டி. இனி இவிடெ எடுக்கண்டா.”

பதினொரு தடவையும்
இந்தப் போன் என் பையில் இருந்தது.

ஒரு புதன்கிழமை இருவரும் வந்தார்கள்.
பாதித் தலை மழித்திருந்தது.
பழம்பொரி எண்ணெய் உதடெல்லாம்.
கிறிஸ்டிபாய் நோட்டை நீட்டினாள்.
“இத எந்தப் பக்கம் எழுதணும்? வரவா, செலவா?”

தேதி எழுதினேன்.
அன்று திரை காட்டிய அளவைத் தேடி எடுத்து
தசமப்புள்ளி விடாமல் எழுதினேன்,
கோட்டுக்கு வெளியே, ஓரத்தில்.
மற்ற பதினொன்றுக்கும் எண் கேட்டாள்.
எங்களிடம் எடுத்த ஐந்துக்குத்தான் கிடைத்தது.

பேட்ஜ் அனுப்பும் நாள் அது.
உறையை அனிஷ்மா எட்டிப் பார்த்தாள்.
“அதுக்குள்ள என்ன?”
“கணக்கு.”
“எனக்க கணக்கா?”

உறையின் பசை காய்ந்திருந்தது.
விரலை நனைத்து மறுபடி தடவினேன்.