பக்கம் இருபத்தொன்பது

அன்றைக்கு ஏழு முறை பல் விளக்கினேன்.
வெயில் சரியில்லை என்றார் கேமரா அக்கா.
பிறகு நுரை போதவில்லை.
பிறகு, இளம்பரிதி
கால்சட்டை இல்லாமல் வந்து நின்றான்.

வீட்டில் குழாய் இருக்கிறது என்று சொன்னேன்.
சாமுவேல் சார் அதை மட்டும்
மொழிபெயர்க்கவில்லை.

புது பேஸ்ட், பாதி காலி.
விருந்தாளி இருக்கும்வரை அம்மா பேசவில்லை.
கார் திரும்பியதும் பேசினாள்.

இரண்டு சம்பா கழித்து
தலைஞாயிறு தபாலாபீஸில் புத்தகம் வந்து கிடந்தது.
தடி அட்டை. மோந்தால் புதுச் செருப்பு வாசனை.
பக்கம் இருபத்தொன்பதில் நான்,
முழங்கால் வரை கலங்கல்.
கீழே ஒரு வரி. டீச்சர் படித்துச் சொன்னார்:
'தினமும் காலையில் இவள் இப்படித்தான்.'

தினமுமா?
வாய்க்காலே தினமும் வராது.
மேட்டூர் திறந்து, முறை வைத்து,
கடைமடை எங்களுக்கு எட்டும்போது
பள்ளிக்கூடம் திறந்து
இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

இளம்பரிதி தேடித் தேடி
படத்தின் ஓரத்தில்
தன் முழங்கையைக் கண்டுபிடித்தான்.
'என் கை, என் கை' என்று
தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தான்.

எதிர்ப் பக்கத்தில் ஒரு பையன்.
பின்லாந்தாம். ஜன்னலுக்கு வெளியே பனி.
கண்ணாடி முன்னால்
அவனும் பல் விளக்குகிறான்.
அவனுக்கும் 'தினமும்' என்றுதான் போட்டிருக்கிறது.

புத்தகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன்.
அவன் மோவாயில் காய்ந்த நுரை,
அதன்மேல் ஈர நுரை.

டேய்,
உனக்கு எத்தனை முறை?