மூன்றே முக்கால் அடி

மோந்தேவிதேயோவில் குளிர் ஜூலையில் வரும்.
எதிரே கிடக்கும் ஆற்றைக்
கடலென்றே சொல்லிப் பழகிய ஊர்.
அளவில் அவ்வளவு பொய் பொறுக்கும் ஊரில்
எட்டு மணி வானொலித் தொடருக்கு
நான் காலடி.

எழுதியது பெரேய்ரா.
பேசியது அனிசேத்தோ.
நடந்தது நான்.

திபூர்சியோ: துப்பறிவாளன்,
எந்தப் பூட்டுக்கும் அஞ்சாதவன்,
உயரம் மூன்றே முக்கால் அடி.
முதல் நாளே எழுதிவிட்டார் பெரேய்ரா,
தபால் பெட்டியின் வாய்
அவன் நெற்றிக்கு நேர் என்று.

அனிசேத்தோ ஆறடி இரண்டங்குலம்.
நாலு வருஷம் மண்டியிட்டே பேசினான்.
குரல் கீழிருந்து மேலே போக வேண்டுமாம்.
கால்சட்டையின் இரண்டு முட்டியிலும்
அவன் மனைவி தைத்த தோல் ஒட்டு.

எனக்கு ஒரு தட்டு மணல், ஒரு பலகை,
தங்கை மகனின் ஏழு வயதுச் சப்பாத்து.
கைகளில் மாட்டிக்கொள்வேன்.
டக்டக்டக்டக்டக்.
சின்னவன் விரைந்துதான் நடப்பான் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

கடிதங்கள் மூட்டையாக வந்தன.
கம்பளிச் சட்டை பின்னி அனுப்பினார்கள் பெண்கள்;
எல்லாமே அனிசேத்தோவுக்குச் சரியாக இருந்தன.
கண்ணை மூடினால்
அவன் நிலைப்படியில் தலை குனிந்து நுழைவது
தெரிகிறது என்று எழுதினாள் சல்தோக்காரி ஒருத்தி.
மனசில் ஒரே அளவுச் சட்டைதான் தொங்குகிறது போல.
வீரன் என்றதும் எடுத்து மாட்டிவிடுகிறது.

ஒரு செவ்வாய். மழை.
வாசலில் வால்தெமார்,
துறைமுகத்தில் தோல் கட்டுகளுக்குக் கணக்கெழுதுபவன்.
காவலாளி முதலில் எட்டிப் பார்த்தான்,
பிறகு குனிந்து பார்த்தான்.
மூன்றே முக்கால்.
இல்லை, அதிலும் ஒரு விரல் குறைவு.

அனிசேத்தோவைக் கூப்பிட எழுந்தேன்.
“அவர் வேண்டாம். காலடி யாரு?”

இரண்டு கையிலும் சப்பாத்தோடு நின்றேன்,
கையும் களவுமாகப் பிடிபட்டவள்.

“பேச்சு நல்லா இருக்கு. சண்டை நல்லா இருக்கு.
அவன் ஏன் எப்பவும் ஓடுறான்?
நான் ஓடமாட்டேன் அம்மணி.
ஓடினா தெருவே சிரிக்கும்.
கூட வர்றவங்க காத்திருப்பாங்க.
காத்திருக்கட்டும்.”

மணல் தட்டை மேஜையிலிருந்து தரைக்கு இறக்கினேன்.
ஈரச் சப்பாத்தோடு ஏறினான்.

ஓர் அடி.
அதற்குள் நான் மூச்சை விட்டு
மறுபடி இழுத்திருந்தேன்.
ஓர் அடி.
மூன்றாவதை எங்கே வைப்பான் என்று
நான்தான் தவித்தேன்.
அவனுக்கு அந்தக் கவலை இல்லை.

கனம்.
நாலு வருஷமாக எனக்குத் தோன்றவேயில்லை.
கையின் எடையை வைத்து
நான் தட்டிக்கொண்டிருந்தது ஒரு குழந்தையை.
மணலில் இறங்கியது
நாற்பது வயது, கடன், ஒரு பல் வலி,
முழு ஆள்.

அன்றிரவு திபூர்சியோ
கள்ளக்கடத்தல் கிடங்குக்குள் நடந்தே போனான்.
வசனத்தை வாயில் அடக்கிக்கொண்டு
அனிசேத்தோ காத்திருந்தான்.
பெரேய்ராவின் கடைசி இரண்டு பக்கம் மீந்துபோயின.
சோப்பு விளம்பரம் ஒலிக்கவேயில்லை.
கண்ணாடிக்கு அப்பால் யாரோ கைகளை ஆட்டினார்கள்.
நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் கடிதங்கள் பாதி.
திபூர்சியோவுக்கு உடம்புக்கு ஆகவில்லையா?
குண்டு பட்டுவிட்டதா?
சல்தோக்காரி எழுதவேயில்லை.
சோப்புக் கம்பெனி எழுதியது, மூன்றே வரி.

ஓடவிட்டேன்.
மறைப்பானேன், சம்பளம்.
திங்கள் ஓடினான், புதன் ஓடினான்,
வெள்ளிக்கிழமை கூரைமேல் கூட ஓடினான்.
செவ்வாய் மட்டும் நடப்பான்.
அதற்கேற்பப் பெரேய்ரா அன்றைக்குக்
குறைத்து எழுதக் கற்றுக்கொண்டார்;
அவர் எழுதியதில் அவைதான் தேவலை.

வால்தெமார் கேட்டானா, தெரியாது.
திரும்ப வரவில்லை.
சப்பாத்தைத் திருப்பிக் கேட்டாள் தங்கை.
மகனுக்குப் பதினொரு வயது,
அவன் கட்டைவிரலைத் தவிர
எதுவும் உள்ளே போகவில்லை.

இன்னொன்று.
செவ்வாய்க்கிழமைகளில்
அனிசேத்தோ எழுந்து நின்று பேச ஆரம்பித்தான்.
ஏன் என்று கேட்டதற்கு
முட்டி வலி என்றான்.