முப்பத்திரண்டு புள்ளி நான்கு

சித்திரை. கச்சான் இன்னும் எழவில்லை.
சின்னப்பாலத்துப் பெண்கள் ஆறு பேர்
விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி
இன்று பாசிக்குப் போகவில்லை.
பாரில் கட்டிவைத்த ஒரு சாண் கருவியை எடுக்க வேண்டும்.
மணிக்கொரு முறை கடலின் சூட்டை
அது குறித்துக்கொள்கிறதாம்.

மூச்சடக்கி இறங்கியவள் நம்புக்கனி.
சுண்ணாம்பு அடித்த வீடு மாதிரி இருக்கு
என்றாள் ஏறிவந்து.
பிறகு, இல்லை,
ஆள் காலிசெய்துபோன வீடு மாதிரி.

அதுதான் சரி, என்றார் ஆய்வாளர் ஜெசிந்தா.
பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான்
அதற்கு நிறமும் சோறும்.
சூடு தாங்காத நாளில்
வீட்டுக்காரியே அவர்களை வெளியே தள்ளிவிட்டுப்
பட்டினி கிடக்கிறாள்.

"செத்துட்டாளா?"
"இன்னும் இல்ல. தண்ணி ஆறினா திரும்பி வருவாங்க."
"எப்ப ஆறும்?"
மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.
முப்பத்திரண்டு புள்ளி நான்கு.
இருபது நாளாய்க் கோடு இறங்கவே இல்லை.

ஒருத்தி வெற்றிலை மடித்தாள்.
பாசிக் காசில் கட்டும் குழுக்கடன்
வியாழக்கிழமை தவணை.

நம்புக்கனி மறுபடி குதித்தாள்.
தீவுக்கு வடக்கே, நீரோட்டம் இழுக்கும் இடுக்கில்
பழுப்பு மாறாத ஒரு கொத்து.
போன வருஷமே பார்த்திருக்கிறாள்.
யாரும் கேட்கவில்லை, சொல்லவில்லை.

அதன் கிளைகளை இப்போது
சிமெண்ட் சட்டத்தில் கட்டுகிறார்கள்,
நாள் கூலிக்கு.
கூலி பேசி முடிக்கவே ஒரு பகல் போயிற்று.
பாசி மூட்டைக்குப் போடும் அதே முடிச்சு.

பிடிக்குமா என்று கேட்டேன்.

"முடிச்சு பிடிக்கும்.
மத்ததைத் தண்ணிகிட்ட கேளுங்க."