மூடி

பத்தொன்பதாவது கிலோமீட்டரில் நின்றுவிடும்.
முதலில் ஒரு தயக்கம்,
பொய் சொல்லப் போகிறவன் எச்சில் விழுங்குவதுபோல.
பிறகு மேட்டில் இழுவை குறையும்.
மிதித்தால் மிதிபடும், போகாது.
வலப்பக்கம் பரவானி ஏரி உறைந்து கிடக்க
என் நீவா, எண்பத்தொன்பதாம் வருடத்து வெள்ளை வண்டி,
இரண்டு முறை இருமிவிட்டு
ஓய்ந்துபோகும்.

பின்னிருக்கையில் நாற்பது குப்பி பால்.
கொழுப்பு பார்க்க, தண்ணீர் கலப்பு பார்க்க
பட்டி பட்டியாய்ச் சேகரித்து
நினோட்ஸ்மிண்டா ஆய்வகத்துக்கு நான் கொண்டுபோகும் சாட்சிகள்.
பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டுச் சாவியைத் திருப்பினால்
ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.
அதுதான் எனக்கு ஆத்திரமாக வரும்.

கேவோர்க் பிளக்குகளை மாற்றினான்.
பதினேழு கிலோமீட்டர்.
கார்புரேட்டரைக் கழற்றிக் குளிப்பாட்டி, ஊதி,
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
ஒற்றைக் கண்ணால் அதன் துளைகளில் வானம் பார்த்தான்.
பத்தொன்பது.
பம்பு, வடிகட்டி, என் பூட்ஸ் வாங்க வைத்திருந்த பணம்.
பத்தொன்பது.
"காயில் சூடாகிறது,
தலை சூடானால் மனுஷனும் நிற்பான்தானே" என்றான்.
ஜனவரியில், மைனஸ் இருபத்திரண்டில்!
"அப்படியானால் பெட்ரோலில் தண்ணீர்."
பாலில் தண்ணீர் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
ஜாடியில் பிடித்து இரவெல்லாம் வைத்துப் பார்த்தேன்.
சுத்தம்.

ஒன்று மட்டும் நோட்டில் குறித்து வைத்திருந்தேன்:
டாங்க் நிறைந்த நாளில் சீக்கிரம் நின்றது,
பாதி இருந்த நாளில் முப்பது வரை போனது.
வயிறு நிறைந்தால் தூக்கம் வரும் என்று சிரித்தான் கேவோர்க்.

நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு கல் வீடு.
உருளைக்கிழங்கு போடுகிற மாம்பிரே
முதல் முறை இழுவைக் கயிற்றோடு வந்தான்.
இரண்டாம் முறை ஒரு கோப்பைத் தேநீரோடு.
நான்காம் முறை இரண்டு கோப்பைகளோடு.
எஞ்சின் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றான்.
என் வண்டியருகே நின்று
அப்படிச் சொன்ன முதல் ஆண் அவன்தான்.

மார்ச் மாதம், கோரெலோவ்கா பங்க்கில்,
பாட்ரி என்கிற பையன் டாங்க் மூடியைத் திருகினான்.
அசையவில்லை.
பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான்.
ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்
முங்கிக் கிடந்த ஆள் நீருக்கு மேலே தலை நீட்டி
இழுப்பது போல
டாங்க் காற்றை இழுத்தது, இழுத்துக்கொண்டே இருந்தது.
அடியில் தகரம் டொங்கென்று நிமிர்ந்தது.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
"அக்கா, இது இந்த வண்டி மூடி இல்லையே."

இல்லைதான்.
கோடையில் தம்பி ஆர்த்தூஷ் பழையதைத் தொலைத்துவிட்டு
காயலான் கடையிலிருந்து இதைக் கொண்டுவந்தான்.
அளவெடுத்ததுபோல் பொருந்தியது.
ஒரு சொட்டு சிந்தாது பார் என்றான்.
சிந்தவில்லை.
அசல் மூடியில் ஊசிமுனை அளவு துளை இருக்குமாம்,
போகிற பெட்ரோலின் இடத்துக்குக் காற்று வர.
இதில் அது இல்லை.
எடுக்க எடுக்க உள்ளே வெறுமை இறுகியிருக்கிறது.
பம்பு கேட்கக் கேட்க
டாங்க் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மூடியைத் தள்ளி எடுத்துப்போய்
ஒன்றரை மில்லிமீட்டர் டிரில்லால் ஒரு குத்து.
காசு வேண்டாம் என்றான் பாட்ரி.

அன்று பத்தொன்பது வந்தது, போயிற்று.
இருபது. இருபத்தொன்று.
என் கால்தான் பழக்கத்தில் கொஞ்சம் தயங்கியது.
கண்ணாடியில் கல் வீட்டுப் புகை சிறுத்துக்கொண்டே வந்தது.

வியாழக்கிழமை நானே சாவியைத் திருப்பி அணைத்தேன்.
இரண்டு கோப்பைகளோடு சாலையைக் கடந்து வந்து
"இன்றைக்கு என்ன?" என்றான் மாம்பிரே.
பானெட்டைத் தூக்கினேன்.
கதகதப்பான, ஒரு குறையுமில்லாத எஞ்சின்மேல்
இருவரும் குனிந்து
வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.